ஏழுமலையின் வியாழக்கிழமை

போன ஞாயிற்றுக்கிழமை கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலை டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். ஏழுமலை வந்தார். என்னைப் பார்த்ததும் விறைப்பாக ஒரு சல்யூட்.

"இன்னிக்கு வியாழக்கிழமை சார்!"

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணத்தைச் சொன்னால் என்னைத் திட்டுவீர்கள்... திட்டுங்கள்.

ஏழுமலை எழுபத்தொன்றாம் வருஷ யுத்தத்துக்குப் போனவர். பக்கத்தில் குண்டு விழுந்து தூக்கி எறியப்பட்டார். உடம்பில் ஒரு கீறல் இல்லை — அடியெல்லாம் மண்டைக்குள். ஊர் திரும்பியதும் தலைவலி, திடீர்க் கோபம், மறதி. சொந்த நிலத்துக்கே வழி தெரியாமல் நிற்பார்.

ராணுவ ஆஸ்பத்திரியில் கூப்பிட்டு மனநல டாக்டர் கேள்வி கேட்டார். இன்று என்ன கிழமை? நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்தால்? மனிதர் திணறிவிட்டார். அடுத்த மாதம் மறுபடி வரச் சொன்னார்கள்.

கூடப் போயிருந்த மனைவி பச்சையம்மா நேரே என் வீட்டுக்கு வந்தார். "பைத்தியம்னு எழுதிடப் போறாங்க சார். அப்புறம் எம் பொண்ணை யாரு கட்டுவாங்க? நீங்கதான் எப்படியாவது பாஸ் பண்ண வைக்கணும்."

நான் அப்போது கணக்கு வாத்தியார். பரீட்சை என்று காதில் விழுந்தால் போதாதா? ஒரு மாதம், தினமும் சாயங்காலம் கோச்சிங். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது... வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வைத்தேன். போகவேண்டிய நாள் வியாழன். அதையும் விடாமல் மனப்பாடம் பண்ண வைத்தேன்.

டாக்டர் கேட்டார். ஏழுமலை கடகடவென்று ஒப்பித்தார். ஞாபகசக்தி நன்றாக இருக்கிறது, சிகிச்சை வேண்டாம் என்று எழுதி ஃபைலை மூடிவிட்டார்கள். பச்சையம்மா கேசரி கொண்டுவந்து கொடுத்தார். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

பிறகுதான் அதே ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த இன்னொரு சிப்பாய் சொன்னார்: "தப்பா சொல்லியிருந்தா அட்மிட் பண்ணி வைத்தியம் பாத்திருப்பாங்களே சார்!"

பச்சையம்மா ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்தார். மூடிய ஃபைல் மூடியதுதான். கேசரி சாப்பிட்ட வாய்க்கு என்ன ஆறுதல் சொல்ல வரும்? தெரியாததைத் தெரியாது என்று சொல்ல, நாங்கள் வாத்தியார்கள் யாருக்குமே சொல்லித் தருவதில்லை.

இப்போது மலை சுற்றும் பாதையில் மட்டும்தான் அவரைத் தனியாக விடுகிறார் பச்சையம்மா. மலை வலக்கைப் பக்கமே இருந்தால் எப்படியும் வீடு வந்துவிடும் என்ற தைரியம்.

டீக்கடையில் ஏழுமலை இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கரெக்டா சார்?"

"கரெக்டுங்க" என்றேன்.

நான் சொல்லிக்கொடுத்ததை இத்தனை வருஷம் கழித்தும் மறக்காத மாணவர் — அவர் ஒருவர்தான்.