பூட்டுக்காரன் வாசலில் வைத்த பெட்டி

என் கணவரின் அண்ணன் மனைவி, அதாவது என் மூத்த ஓர்ப்படியாள், அவளுடைய கடைசித் தம்பிதான் இந்தப் பூட்டுக்காரன். உறவென்று கணக்குப் பார்த்தால் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வரவேண்டும். ஆனாலும் அவன் தன் சொந்த அக்காவைக் கூப்பிடுகிற அதே குரலில்தான் என்னையும் அக்கா என்பான். சின்ன வயதில் தன் பெரியப்பாவைக் குளியலறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியில்லாமலே திறந்து காட்டி, அடியையும் பாராட்டையும் ஒரே நேரத்தில் வாங்கியவன். அன்றைக்கே அவன் பிழைப்பு முடிவாகிவிட்டது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள்.

பூட்டு பழுதுபார்க்கவும் சாவி போடவும் அவன் ஒரு கடை வைத்தான். கடையா அது? மருந்துக்கடைக்குப் பின்னால் ஒரு சந்து, அந்தச் சந்து திரும்புகிற மூலையில் ஒரு அறை. உள்ளே சாவிக்கு அரம் போட ஒரு ராவுமேசை, ஒரு ஸ்டூல், சுவர் முழுக்க ஆணியில் தொங்கும், இன்னும் பல் வெட்டாத வெறும் சாவிகள். பெயர்ப்பலகையும் உண்டு. கடைக்குள் வந்துவிட்டவனுக்கு மட்டும் அது கண்ணில் படும்.

அந்த அறை அவன் மனைவியின் அண்ணனுடையது. மரக்கிடங்கு வைத்திருப்பவர், அதனால் எங்களுக்கெல்லாம் அவர் மரக்கிடங்கு மச்சான். நல்ல மனிதர்தான், ஆனால் ஒழுங்கு ஒழுங்கு என்று உயிரை எடுப்பவர். யாராவது வரிசை மாறி நின்றால் அவருக்குப் பொறுக்காது. கிடங்கின் காவலாளி மழைக்காலம் தொடங்கியதும் வேலையை விடப்போகிறான் என்றதும் அவர் கண் தங்கை புருஷன் மேல் விழுந்தது. "மழை தொடங்குறதுக்குள்ள கடை ஓடலேன்னா, மாப்ள, பேசாம வந்து கேட்டுல உட்காருங்க" என்று குடும்பமே கூடியிருந்த இடத்தில் சொல்லிவிட்டார். இவனும் வீறாப்பாகச் சரி என்று தலையாட்டிவிட்டான். மறுவாரமே காக்கிச் சட்டை, காக்கிக் கால்சட்டை, ஒரு விசில், எல்லாம் மச்சானிடமிருந்து மூட்டையாக வீட்டுக்கு வந்து சேர்ந்தன. அதைப் பார்த்ததும் இவனுக்குச் சோறு இறங்கவில்லை. அவன் மனைவி மூட்டையை அப்படியே தூக்கிக்கொண்டு போய், "பத்திரமா வெச்சிட்டேன், விடுங்க" என்றாள்.

கடையை ஊருக்குத் தெரிவிக்கக் கையில் காசு கிடையாது. அதனால் முதலில் சுண்ணக்கட்டியால் பெரிய தெருவிலிருந்து சந்து வரைக்கும் தரையில் அம்பு போட்டான். அந்தத் தெருப் பிள்ளைகள் லேசுப்பட்டவையா? அம்புகளை அழித்து முடிதிருத்தகத்துப் பக்கம் திருப்பி வரைந்துவிட்டன. பீரோச் சாவி போட வந்த ஒரு மனிதர் நாற்காலியில் உட்கார்ந்து, என்ன ஏது என்று கேட்பதற்குள் ஒரு பக்கத்து மீசையைப் பறிகொடுத்தார்.

அடுத்தது எங்கள் முறை. நானும் ஓர்ப்படியாளும் பேருந்தில் ஏறி, வீட்டுச் சாவி தொலைந்துவிட்டது என்று அவள் புலம்ப வேண்டும், சந்து மூலையில் கெட்டிக்காரப் பூட்டுக்காரன் ஒருவன் இருக்கிறானே என்று நான் ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும். ஏற்பாடு அவ்வளவுதான். ஆனால் அவள் புலம்பலோடு நிற்கவில்லை, நிஜமாகவே அழுதுவிட்டாள். பேருந்தே எழுந்து நின்றது. நடத்துனர் மனமிளகி, தன் தம்பி தச்சன்தான், இப்போதே வந்து கதவைப் பெயர்த்துத் தருவான் என்று எங்கள் கூடவே இறங்கிவிட்டார். அவரைத் திருப்பி அனுப்ப நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். என் வாயிலிருந்து பூட்டுக்காரன் என்ற சொல் வரவே இல்லை.

வானம் அவ்வப்போது இருட்டத் தொடங்கியது. அப்போதுதான் அவன் மனைவி வாய் திறந்தாள். ராவுமேசைப் பக்கம் நின்று, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "ஊர்ல எல்லாருக்கும் பூட்டு ரிப்பேர் வேணும்னு இல்லைங்க. ஆனா பூட்டின பெட்டி ஒண்ணு எதிர்ல இருந்தா எல்லாருக்கும் கை அரிக்கும்."

வீட்டில் ஒரு பழைய தகரப் பெட்டி இருந்தது. அதற்கு ஒரு கனத்த பித்தளைப் பூட்டு. அது மரக்கிடங்கில் சாவி தொலைந்துபோய், தூக்கிப்போட மனமில்லாமல் மச்சான் இவனிடம் கொடுத்தது. இவன் அதற்குப் புதுச்சாவி போட்டு வைத்திருந்தான். பெட்டியைப் பெரிய தெருவில் மருந்துக்கடை ஓரமாக வைத்தால் போகிறவர் வருகிறவர் கையெல்லாம் பூட்டின்மேல்தான் இருக்கும், கடைக்கு ஒருவரும் வரமாட்டார்கள் என்று அதையும் அவளே யோசித்தாள். ஆகவே பெட்டி கடை வாசலில். பெரிய தெருவில் அட்டை மட்டும்: "சந்து மூலையில் ஒரு பெட்டி பூட்டியிருக்கிறது. உங்கள் சாவி எதுவாவது அதைத் திறந்தால் உள்ளே இருப்பது உங்களுக்கே." பூட்டைப் போட்டவள் அவள். சாவியையும் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"உள்ள ஒண்ணுமில்லையேடி, யாராவது திறந்துட்டா?" என்று இவன் கேட்டதற்கு, அவள் சிரித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

முதலில் மருந்துக்கடைக்காரர் வந்தார். பிறகு தபால்காரர். பிறகு வரிசை. வாத்தியார் பள்ளிக்கூடத்து அலமாரிச் சாவியோடு வந்தார். ஒருத்தி புருஷனுடைய கொத்தை வாங்கி ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்துக்கொண்டே வந்தவள், "இது எந்த வீட்டுச் சாவி?" என்று ஒன்றைத் தூக்கிப் பிடித்தாள். அந்தப் புருஷன் பெட்டியை விட்டுவிட்டு வானத்தைப் பார்த்தான். ஒரு டீக்காரர் தள்ளுவண்டியை அங்கேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். பெட்டிக்குள் தங்கக் கடிகாரம் என்றார்கள் சிலர். யாரோ செத்துப்போனவருடைய உயில் என்றார்கள் சிலர்.

பூட்டுக்காரன் சும்மா இருப்பானா? தோற்றுப் போகிற ஒவ்வொரு சாவியையும் வாங்கி விரலால் தடவிப் பார்ப்பான். "பல்லு தேஞ்சிடுச்சேண்ணே, ஒரு நாள் உள்ளேயே முறிஞ்சு நிக்கும்" என்பான். அவர் அங்கேயே புதுச்சாவி போட்டுக்கொள்வார். போடாதவருக்கும் வெட்டி எறிந்த தகரத்தில் கடையின் அடையாளம் குத்திய ஒரு வில்லையைக் கொத்தில் மாட்டி அனுப்புவான். கை ஓயாமல் ராவினான். ஆனால் ஒவ்வொரு சாவி உள்ளே போகும்போதும் அவன் முகம் வெளுத்துப் போகும். வெறும் பெட்டி என்று தெரிந்தால் ஊர் என்ன சொல்லும்? ஏமாற்றுக்காரன் கையில் யார் வீட்டுச் சாவியைக் கொடுப்பார்கள்?

கருமேகம் திரண்டு நின்ற ஒரு மாலையில் மரக்கிடங்கு மச்சான் கையில் குடையோடு வந்தார். நானும் ஓர்ப்படியாளும் அன்றைக்கு அங்கேதான் இருந்தோம். கூட்டத்தைப் பார்த்து அவர் கொஞ்சம் அசந்துதான் போனார். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "வேடிக்கை பாக்க வர்ற கூட்டம், மாப்ள. மழை வந்தா கலைஞ்சிடும். நாளைக்குக் கிடங்குக்கு வந்துடுங்க" என்றார். அவர் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தைப் பார்த்த டீக்காரர் விடுவாரா? முதலாளி இவ்வளவு சாவி வைத்துக்கொண்டு ஒன்றைக்கூடப் போட்டுப் பார்க்காமல் போவதா என்று கிளப்பிவிட்டார். கூட்டமும் சேர்ந்துகொண்டது.

மச்சான் வேண்டாவெறுப்பாகக் குனிந்தார். ஒன்று, இன்னொன்று என்று போட்டுக்கொண்டே வந்தவர், துருவேறிய ஒரு கட்டைச் சாவியை நுழைத்தார். போன வருடம் அலமாரிக்குப் பின்னால் கிடைத்தது, எந்தப் பூட்டினுடையது என்று தெரியாமலே கோத்து வைத்திருந்தார். பூட்டு வாயைப் பிளந்தது.

அப்போதுதான் பூட்டுக்காரனுக்குப் புரிந்தது. புதுச்சாவி போட்டானே தவிர, பழைய சாவி சேராதபடி பூட்டின் உள்தகடுகளை அவன் மாற்றவில்லை. தொலைந்தது தொலைந்ததுதானே என்று விட்டுவிட்டான். அந்தத் தொழிலில் இருக்கிறவன் செய்யக்கூடாத தப்பு அது. கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டான்.

மச்சான் மூடியைத் தூக்கி உள்ளே கையை விட்டார். காக்கிச் சட்டை வந்தது. பிறகு கால்சட்டை. பிறகு விசில்.

மருந்துக்கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அட்டையில் இருந்ததை மனப்பாடமாகச் சொன்னார்: "உள்ளே இருப்பது உங்களுக்கே."

"ஆமாண்ணே" என்றாள் தங்கை, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். "சொன்ன சொல் தவறக்கூடாது இல்லையா? நீங்களே வெச்சுக்கணும்."

"தோள் அளவு சரியாத்தான் இருக்கும்போல" என்றார் டீக்காரர். அதற்கப்புறம் எழுந்த சிரிப்பு அடங்க வெகுநேரமானது. ஓர்ப்படியாள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்து யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். மச்சான் விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, துணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குடையை விரிக்காமலே போய்விட்டார்.

பெட்டி திறந்துவிட்டது, இனி யார் வருவார்கள் என்று பூட்டுக்காரன் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தான். அன்றிரவே மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் காலை சந்து நிறையக் குடைகள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பூட்டு. தொலைந்த சாவி எங்கேயோ யாரோ ஒருவர் கொத்தில் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது என்பதை ஊரே கண்ணால் பார்த்துவிட்டதல்லவா? ஒரு தடவையாவது சாவியைத் தொலைத்தவர்கள் எல்லோருக்கும் தூக்கம் போய்விட்டது. உள்தகடு மாற்ற வேண்டும், இன்றைக்கே மாற்ற வேண்டும் என்று நின்றார்கள். காலை முதல் வேலையாகத் தன் தகரப் பெட்டிப் பூட்டுக்குத்தான் இவன் உள்தகடு மாற்றியிருந்தான் என்பது வேறு விஷயம்.

அந்த வரிசையில் மரக்கிடங்கு மச்சானும் ஒரு சாக்கு நிறையக் கிடங்குப் பூட்டுகளோடு நின்றார். நேராக உள்ளே போகப் பார்த்தவரைத் தங்கைதான் நிறுத்தினாள்: "அண்ணே, முன்னாடி ஆள் நிக்குது பாருங்க."

அவரும் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போய் நின்றார். கொஞ்ச நேரத்தில் தபால்காரர் சைக்கிளைச் சாத்திவிட்டு நைசாக நடுவில் நுழைந்தார். மச்சானுக்குப் பொறுக்கவில்லை. கை தானாகச் சட்டைப்பைக்குள் போனது. விசிலை எடுத்து ஊதினார் பாருங்கள், சந்தே திரும்பிப் பார்த்தது. தபால்காரர் கடைசிக்கு ஓடினார்.

பிறகு குடையும் விசிலுமாக மதியம்வரை வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டு நின்றது அவர்தான். உள்ளே ராவிக்கொண்டிருந்த பூட்டுக்காரன் தலையைத் தூக்காமல் மனைவியிடம் கேட்டானாம், மச்சானுக்கு உட்கார ஒரு ஸ்டூல் போடலாமா என்று.

"வேண்டாம்" என்றாளாம் அவள். "காவல்காரங்க உட்கார்ந்தா தூங்கிடுவாங்க."