சுவரில் இரண்டு கிளிப்

பட்டுப்புடவையைத் தனி ஆளாக மடிக்க முடியாது என்றுதான் இத்தனை வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். ஆரணியில் ஒரு பட்டு வியாபாரியின் கடை மாடியில், தறியிலிருந்து வந்த புடவையைப் பிரித்து, குறை பார்த்து, மடித்து அடுக்குவது எங்கள் வேலை. எங்கள் என்றால் நானும் ஓர் அக்காவும். முந்தானை அவர் கையில், மறுமுனை என் கையில். இழை அறுந்திருக்கிறதா, ஜரிகை தூக்கியிருக்கிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்போம். பிறகு எதிரெதிரே நடந்து வருவோம். பாதி வழியில் என் முனையை அவர் விரல்களில் கொடுத்துவிட்டு, கீழே தொங்கும் மடிப்பைக் குனிந்து எடுப்பேன். மறுபடி பின்னால் நடப்போம். விலகுவது, வருவது, கொடுப்பது. பதினோரு வருடம்.

என் கணவர் தவறிப்போன பிறகு, ஒரு நாளில் என் விரலைத் தொடுகிற விரல் அந்த அக்காவுடையது மட்டும்தான். இதை அவரிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கேலி செய்தே கொன்றிருப்பார்.

பொங்கல் கழிந்து ஒரு நாள், குறை பார்க்க, அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேஜை ஒன்று மாடிக்கு வந்தது. எதிர்ச் சுவரில், தோள் உயரத்துக்கு, முந்தானையைப் பிடிக்க இரண்டு ஸ்டீல் கிளிப் அடித்தார்கள்.

"இனிமே ஒருத்தரே போதும்மா. நீங்க படிச்சவங்க, கணக்கையும் கம்ப்யூட்டர்ல ஏத்திடுவீங்க. அவங்கள வேற எடம் பாத்துக்கச் சொல்லிட்டேன்" என்றார் முதலாளி. கெட்ட மனிதரில்லை. என்னைப் பார்க்க முடியாமல் கிளிப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அக்கா சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டே சிரித்தார். "இன்னாம்மே, எனுக்கு பதிலா கிளிப்பு மாட்டிக்கீறாங்க? என்னைவிட லட்சணமாத்தான் கீது."

"நான் ஜெபம் பண்றேன்க்கா. மாறிடும்."

"பண்ணு பண்ணு. உங்க சாமி சொன்னா முதலாளி கேப்பாரா? பொண்டாட்டி சொன்னாலே கேக்கமாட்டாரு."

ஜெபித்தேன். பல் துலக்கும்போது, அடுப்படியில், கடைப் படியேறும்போது. படியேறிப் போனால் கிளிப் அங்கேயேதான் இருந்தது. சனிக்கிழமை அக்கா கணக்கு முடித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் ஆராதனையில் சாட்சி நேரம் வந்தது. அந்த வாரம் கர்த்தர் தனக்குச் செய்ததை ஒவ்வொருவராக எழுந்து சொல்ல வேண்டும். நான் கேட்டதை அவர் செய்யவில்லை. ஆனாலும் எழுந்துவிட்டேன். என் வாய்க்கு எப்போதும் மனசைவிட அவசரம்.

"வேலையில ஒரு மாற்றம் வந்துச்சுங்க. கர்த்தருடைய சித்தம்னு சந்தோஷமா ஏத்துக்கிட்டேன்."

"ஸ்தோத்திரம்!" என்றது சபை. போதகரின் மனைவி வெளியே வந்து என் தோளைத் தட்டி, "எவ்ளோ விசுவாசம்!" என்றார். உடம்பு கூசியது. முதலில் சொல்லிவிட்டால் சந்தோஷம் பின்னால் வந்து சேர்ந்துகொள்ளும் என்று நினைத்தேன் போலும்.

திங்கட்கிழமை. முதல் புடவை மயில்கழுத்து நீலம். முந்தானையைக் கிளிப்பில் மாட்டினேன். குறை ஒன்றும் இல்லை. மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன், பாதி வழியில் நின்றேன், கையை நீட்டினேன், விரலை விட்டேன்.

வாங்கிக்கொள்ள யாரும் இல்லை. நீலம் சரிந்து தரையில் விழுந்தது. எதிரே சுண்ணாம்புச் சுவர்.

புடவையின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். கீழே ஏதோ கல்யாண வீட்டார் புடவை எடுக்க வந்து கலகலவென்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். "ஆண்டவரே, நான் ஏத்துக்கல" என்று வாய்விட்டுச் சொன்னேன். பதில் வரவில்லை. திட்டும் வரவில்லை. எழுந்து புடவையை உதறினேன். பாதி வழிக்கு யாரும் வரப்போவதில்லை. முழு வழியும் நான்தான் நடக்க வேண்டும். சுவர் வரை நடந்தேன். மடிப்பு கோணலாக வந்தது. பிரித்துவிட்டு மறுபடி நடந்தேன்.

வியாழக்கிழமை அக்கா போன் செய்தார். செய்யாறு தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேன்டீனில் சேர்ந்திருக்கிறாராம்.

"கம்பெனி பஸ்ஸுல ஜன்னலோரமா குந்திகினு வரேன், மகாராணியாட்டம். நீ இன்னா, கிளிப்பாண்டயாவது பேசறியா?"

"அது பதில் சொல்லாதுக்கா."

"நான் மட்டும் இன்னா ஒழுங்கா பதில் சொல்லிக்கீறேன்? பேசிகினு இரு." பஸ் இரைச்சலில் குரல் அறுந்துபோனது.

அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் மறுபடி எழுந்தேன்.

"போன வாரம் சந்தோஷமா ஏத்துக்கிட்டேன்னு சொன்னேங்க. அது பொய். இன்னும் சந்தோஷம் வரல. ஆனா நாளைக்கும் வேலைக்குப் போவேன், நாளன்னிக்கும் போவேன். அதுக்கு மட்டும் பெலன் கேக்கறேன். அவ்ளோதாங்க."

இந்த முறை சபையிலிருந்து ஸ்தோத்திரம் எழவில்லை. ஸ்தோத்திரம் என்று நானே மெல்லச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்தேன்.