நான் கை தூக்காத ஆட்டம்

"கை?"

ஒரே ஒரு சொல்தான். எதிரணி ஆள் 'கபடி கபடி' என்று பாடி முடித்து நடுக்கோட்டைத் தாண்டித் திரும்பியதும் நடுவர் பாய் எங்களைப் பார்த்து அதைத்தான் கேட்பார். தொடப்பட்டவன் தானாகவே கையைத் தூக்கிவிட்டு வெளியே போக வேண்டும். தொட்டவன் வாயைத் திறக்கக் கூடாது. "தொட்டேன்" என்று அவன் சொன்னால் புள்ளி தொடப்பட்டவன் அணிக்குப் போய்விடும். எங்கள் கடற்கரைக் கபடி லீக்கின் இரண்டாம் டிவிஷனில் அதுதான் சட்டம். இப்படி ஒரு கிறுக்குத்தனம் வேறெங்கும் உண்டா என்று எனக்குத் தெரியாது.

லீக்கின் வரலாற்றை இப்போது சிறப்பு மலராகப் போடுகிறார்களாம். முதல் டிவிஷனைப் பற்றி எழுத ஆளாளுக்கு அடித்துக்கொண்டார்கள். இரண்டாம் டிவிஷன் என்றதும் எல்லோருக்கும் திடீரென்று அவசர வேலை வந்துவிட்டது. கடைசியில் என் தலையில் கட்டினார்கள். என்ன பெரிய வரலாறு? விசைப்படகுகள் கரையில் கிடக்கும் மீன்பிடித் தடைக்காலத்தில் சும்மா உட்கார முடியாத ஆட்களுக்காகத் தொடங்கியது. முதல் டிவிஷனில் கோட்டுக்குக் கோடு நடுவர்கள் நிற்பார்கள். எங்களுக்குக் கீழக்கரையிலிருந்து பஸ் பிடித்து வரும் பாய் ஒருவர்தான். ஏழு பேரின் காலை ஒரே ஆள் எப்படிப் பார்ப்பது? அவர் கொண்டுவந்ததுதான் இந்த வழக்கம். "எனக்கு இருக்கிறது ரெண்டு கண்ணு தம்பி. மிச்சத்த அல்லாஹ் பாத்துக்குவான்" என்பார். எங்கள் ஆட்டங்களில் மண்டை உடைந்திருக்கிறது, பந்தல் சரிந்திருக்கிறது. ஆனால் கை தூக்காமல் ஏமாற்றினான் என்று ஒருவன்மீதும் புகார் வந்ததில்லை. அதைப் பெருமையாக எழுதச் சொன்னார்கள். எழுதினேன். எழுதிய தாளை நானே கிழித்தும் போட்டேன்.

என் அக்காவைக் கட்டியவர் தொண்டிப் பக்கத்து அணியின் கேப்டன். மச்சான் பாடி வந்தால் காலை மட்டும் பார்க்கக் கூடாது, தோளைப் பார்க்க வேண்டும். கால் பொய் சொல்லும். விசைப்படகில் வலை இழுத்து இழுத்து முறுக்கேறிய உடம்பு. ஆனால் அவருக்குக் கடல் பிடிக்காது. அரசுத் துறை அணி ஒன்று ஆள் எடுக்க வருவதாக இருந்தது. முதல் டிவிஷன் ஆட்டக்காரர்களை மட்டும்தான் தேர்வுக்கே கூப்பிடுவார்கள். மச்சானுக்கு அந்த வருஷத்தோடு வயது வரம்பு முடிகிறது. அவர் அணி முதல் டிவிஷனுக்கு ஏறினால் கரையில் ஒரு வேலை. ஏறாவிட்டால் திரும்பவும் கடல், இல்லையென்றால் வெளிநாடு. அக்கா வளைகாப்பு முடிந்து எங்கள் வீட்டில் இருந்தாள்.

ஏறுவதற்கான கடைசி ஆட்டம் எங்கள் இரண்டு ஊருக்கும்தான் என்று முடிவானது. டீக்கடையில் உட்கார்ந்தால் போதும், ஆரம்பித்துவிடுவார்கள். "ஏலே, அக்கா தாலிக்கு மொய் எழுதிராதடா!" "இவன அன்னைக்கு உக்கார வச்சுருங்கப்பா, மச்சான் பாடி வந்தா இவனே தூக்கிக் கொண்டுபோய்க் கோட்டுக்கு அங்கிட்டு விட்டுருவான்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். சிரிப்புக்கு உள்ளே இருந்தது எனக்குத் தெரியாதா? அக்கா ஆட்டத்தன்று காலையிலேயே சொல்லிவிட்டாள்: "நீ ஒழுங்கா வெளையாடு. யாரு செயிச்சாலும் எனக்கு அழுகதான்டா வரப்போகுது." மைதானத்தில் எந்த ஊர்ப் பக்கமும் உட்காராமல் நடுக்கோட்டுக்கு நேராக நாற்காலி போட்டுக்கொண்டாள்.

ஆட்டம் சமத்தில் நின்றது. சமத்தில் முடிந்தால் பட்டியலில் மேலே இருந்த நாங்கள் ஏறுவோம். அவர்களுக்கு ஒரே ஒரு புள்ளி வேண்டும். கடைசியாகப் பாடி வந்தது மச்சான். அவருக்கு இடப்பக்க ஓரத்தில் நான் நின்றேன். உள்ளங்கை வேர்த்து, பக்கத்தில் நின்றவனின் கை வழுக்கியது. மச்சான் வலப்பக்கம் பாய்வதுபோல் தோளைச் சாய்த்தார். எங்கள் ஆட்கள் மொத்தமாக அங்கே சரிந்தார்கள். அந்தக் கணத்தில் அவருடைய இடது கால் பின்னால் நீண்டது. கட்டைவிரல் என் கணுக்காலில் பட்டது. உரசல்கூட இல்லை, ஈ உட்கார்ந்து எழுந்த மாதிரி. அவர் திரும்பிப் பாய்ந்து கோட்டைத் தொட்டார். மணல் எழும்பி நின்றதில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

"கை?" என்றார் பாய்.

மச்சான் கோட்டுக்கு அந்தப் பக்கம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். என்னைத்தான் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. நான் தூக்குவேன் என்று நம்பிக்கொண்டு பார்த்தார். அதுதான் என்னைக் கொன்றது. தூக்கினால் இந்த ஊரில் நான் எப்படி நடப்பேன்? தொட்டது உண்மை என்று எவன் நம்புவான்? மச்சானுக்காக ஆட்டத்தை விற்றவன் என்றுதானே என் பிள்ளை காலம் வரைக்கும் சொல்வார்கள்? பாய் வழக்கத்துக்கு மாறாக இன்னொரு முறை கேட்டார். "கை இருக்காப்பா?" என் கை தொடையோடு ஒட்டிக்கொண்டது. விசில் ஊதிவிட்டார்.

என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊருக்குள் வந்தார்கள். வெட்கங்கெட்டவன், நானும் உட்கார்ந்து வந்தேன். மச்சான் வீட்டுக்கு வந்து அக்காவைப் பார்த்துவிட்டு, என் தட்டில் மீன் துண்டை எடுத்து வைத்துச் சாப்பிடச் சொன்னார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். குழந்தை குப்புற விழுவதற்கு முன்பே வளைகுடாவுக்கு விமானம் ஏறிவிட்டார். முதல் டிவிஷனுக்குப் போன எங்கள் அணி ஒரே வருஷத்தில் உதை வாங்கிக் கீழே இறங்கியது. அதற்குத்தான் இவ்வளவும்.

இப்போது மச்சான் ஊரோடு வந்துவிட்டார். போன வாரம் தொண்டிக்குப் போனேன். தலை நரைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, கயிறும் வலையும் விற்கும் கடையில் உட்கார்ந்திருந்தார். மலருக்காக இரண்டாம் முறை எழுதியதை, அன்றைக்கு நான் கை தூக்காததையும் சேர்த்து, அவருக்குப் படித்துக் காட்டினேன். "விடு மாப்ள" என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இப்பத் தூக்குறியாக்கும் கைய" என்றார். "பாயும் போய்ச் சேந்துட்டாரு. நான் யார்ட்டப் போயி புள்ளி கேக்குறது?"

நான் தாளை மடிக்கப் போனேன். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"வேலை போனத எழுதிருக்க, சரி. இதையும் எழுதிக்க. நாலு வருசம் கழிச்சு மொத லீவுக்கு வந்து வாசல்ல நின்னு, 'தம்பி, அய்யா வந்துருக்கேன்டா'ன்னு கூப்புட்டேன். எங் கொரலக் கேட்டதும் எம் மகன் வீட்டுக்குள்ள ஓடிப்போயி போன எடுத்துக் காதுல வச்சுக்கிட்டான்."