மைப்பேனாவால் எழுதிய உச்சரிப்பு

ஆங்கில ஆசிரியர் துவான் குய்லிங்குக்கு அன்று காலை வகுப்பறைக்குள் போகக் கால் வரவில்லை. உள்ளே ஐம்பத்திரண்டு பிள்ளைகள் காலை வாசிப்பில் இருந்தார்கள். தொண்டை கிழியக் கத்தினால்தான் ஆங்கிலம் வரும் என்பது சீனாவின் கன்சு மாகாணத்து அந்த மலையூரில் எல்லாரும் நம்பும் விஷயம். இருபத்தாறு வருடமாக அந்தச் சத்தம்தான் அவருக்குப் பெருமை. இன்று அதைக் கேட்கவே கூசியது.

காரணம், முந்தின நாள் வந்து இறங்கிய கணினிகள். மேல்நிலைப் பள்ளியில் சேர்வதற்கான தேர்வில் இந்த வருடம் முதல் ஆங்கிலப் பேச்சுக்கும் மதிப்பெண் உண்டு, போடுவது இயந்திரம். தேர்வுக்குப் பதினோரு நாள்தான் இருந்தது. சாயங்காலம் எல்லாரும் கிளம்பியதும் துவான் தானே பேசிப் பார்த்தார். நூற்றுக்கு நாற்பத்தேழு. உயிரொலி வந்த இடமெல்லாம் சிவப்பு. வாயை அகலத் திறக்க வேண்டிய இடத்தில் திறக்கவில்லை, நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டவில்லை. மூன்று தடவை பேசியும் இயந்திரம் மசியவில்லை.

எங்கே பிசகியது என்று அவருக்குத் தெரியும். ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லுக்கு மேலும் கிட்டத்தட்ட அப்படி ஒலிக்கும் சீன எழுத்தை எழுதிவைத்துப் படிப்பதுதான் அங்கே வழக்கம். சீனத்தில் இல்லாத ஒலிக்கு எழுத்து ஏது? பக்கத்தில் கிடைத்ததைப் பிடித்துப் போட்டார்கள். அப்படித்தான் அவர் படித்தார், அப்படியே சொல்லிக்கொடுத்தார். குறை சொல்வது சுலபம். வேறு வழி காட்ட அந்த மலைக்கு யார் வந்தார்கள்?

உள்ளே போனார். "போதும், நிறுத்துங்க. சொல்லுக்கு மேல எழுதியிருக்கிறதை எல்லாம் அழிங்க."

"அதை அழிச்சா எங்க வாயையும் மூடிக்க வேண்டியதுதான், டீச்சர்!" என்றான் கடைசி வரிசைக் குண்டன். வகுப்பே சிரித்தது.

முதல் வரிசை மியாவ் ஷூ சிரிக்கவில்லை. அந்த வகுப்பிலிருந்து நகரத்துப் பள்ளிக்குப் போகக்கூடியவள் அவள் ஒருத்திதான். "அப்போ நான் தப்பாவா படிச்சேன், டீச்சர்?"

"நீ சரியாத்தான் படிச்சே. நான் சொல்லிக்கொடுத்ததுதான் தப்பு."

சொல்லிவிட்டார். காது மடல் சுட்டது. மியாவ் ஷூ ரப்பரை எடுத்துத் தேய்த்தாள். இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

"போக மாட்டேங்குது, டீச்சர். பென்சில் வேண்டாம், மூணு வருஷம் நிக்கணும், மைப்பேனாவால எழுதுங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

துவான் குனிந்து பார்த்தார். தாள்தான் கிழிந்திருந்தது. தாளை விட்டே போகாதது பதினோரு நாளில் இந்தப் பெண்ணின் நாக்கை விட்டு எப்படிப் போகும்?