கைகாட்டியின் மகள்

பழைய துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்களுக்குக் காது தேவைப்படவில்லை, கண் போதும். கீழே நிற்கிற ஆள் விரலை மேலே காட்டிச் சுழற்றினால் மூட்டை ஏறும், உள்ளங்கையை விரித்தால் நிற்கும், இரண்டு கையையும் தட்டி உதறினால் வேலை முடிந்தது. அப்படிக் கை காட்டியே காலம் தள்ளியவர் அவளுடைய அப்பா. வீட்டிலும் அதே பாஷைதான். பிள்ளைகள் அடித்துக்கொண்டால் உள்ளங்கை விரியும், வீடு கப்சிப்.

அந்தத் துறைமுகம் இப்போது ஏது? அவர் மூட்டை இறக்கிய கிடங்கில் கண்ணாடிச் சுவர் வைத்துக் காபி விற்கிறார்கள். ஊருக்கு வடக்கே கடலைத் தூர்த்துக் கன்டெய்னர் துறைமுகம் கட்டியாயிற்று. அதன் வாசலில் லாரிகளைச் சரிபார்த்து உள்ளே அனுப்பும் வேலை அவளுக்கு. கிரேன்தான் ஓட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்று பயிற்சியும் முடித்தாள்.

அங்கே வயர்லெஸ்ஸில் வருகிற குரல்தான் உத்தரவு. கிரேன் ஓட்டும் தேர்வு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தூரத்தில் ஒரு லாரி டிரைவர், பாவி மனுஷன், வண்டியைத் திருப்பச் சொல்லி இன்னொருவனுக்கு விரலைச் சுழற்றினான். அவ்வளவுதான், அவள் கை தன்னாலே அதற்குக் கட்டுப்பட்டது. ‘இறக்கு, இறக்கு’ என்று குரல் கத்த, கன்டெய்னர் ஜம்மென்று மேலே ஏறியது. தேர்வு போச்சு. வாசலில் அவளுக்குக் ‘கைகாட்டி’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள். இன்னும் ஒரே வாய்ப்பு. அதுவும் போனால் காலத்துக்கும் வாசல்தான்.

விடுவாளா? மொட்டைமாடியில் கப்பி மாட்டி மணல் வாளியைத் தொங்கவிட்டாள். தம்பி போனில் சொல்வதை அவள் செய்ய வேண்டும். அப்பா கீழே நின்று அதற்கு நேர்மாறாகக் கை காட்ட வேண்டும். அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது.

“என் கையை மீறி ஒருத்தரும் எதுவும் செஞ்சதில்ல, தெரியுமா?”

“தெரியும்பா. அதான் உங்களைக் கேக்குறேன். உங்க கையையே மீறிட்டா, வேற எந்தக் கையும் என்னை ஒண்ணும் பண்ணாது.”

அவருக்கு வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் இறங்கிப் போய் நின்றார். தம்பி இறக்கு என்றான், அப்பா விரலைச் சுழற்றினார், வாளி ஏறியது. மறுபடியும் ஏறியது. தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றைப் பிடித்தாள். உள்ளங்கை கன்றிப்போயும் வாரக்கணக்கில் விடவில்லை. கடைசியில் ஒருநாள், அப்பா தோள் வலிக்க வலிக்கச் சுழற்றியும் வாளி நேராக வந்து தரையில் உட்கார்ந்தது. அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே போனார்.

மறுதேர்வன்று நல்ல காற்று. கீழே யார் யாரோ யாருக்கோ கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் குரலை மட்டும் கேட்டாள். கன்டெய்னர் சத்தமில்லாமல் லாரிமேல் உட்கார்ந்தது. பாஸ் என்று வயர்லெஸ்ஸில் வந்த பிறகுதான் கிரேன் கூண்டின் கண்ணாடி வழியே வாசல் பக்கம் பார்த்தாள்.

வேலிக்கு வெளியே அப்பா. பேசும்போதுகூடக் கை சும்மா இருக்காத மனுஷன், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கோத்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

அவள் கண்ணாடியோரம் குனிந்து, கைகளைத் தட்டி உதறிக் காட்டினாள். அதன் பிறகுதான் அவர் கைகளை முன்னால் எடுத்தார்.