உளவாளிப் படத்துக்கு மேபல் அக்கா சொன்ன கதை

மேபல் அக்கா இறந்துபோன செய்தியை அப்பாதான் வீட்டுக்குக் கொண்டுவந்தார். சபைக் கூட்டம் முடிந்து வந்தவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "ஒங்க தையல் கிளாஸ் மேபல் தவறிட்டாளாம். மஞ்சக்காமாலை முத்திப்போச்சு. மத்தியானம் ஆஸ்பத்திரியிலயே" என்றார். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையிலிருந்த தண்டை ஒடித்துப் போட்டாள். பிறகு, "நல்ல பிள்ளை. இனி தையல் யாரு சொல்லிக் குடுப்பா" என்று மட்டும் சொன்னாள். முந்தின நாள்தான் ஆஸ்பத்திரிக்குப் போய் மேபல் அக்காவுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு வந்திருந்தாள். ஒரு தையல் டீச்சருக்கு எவ்வளவு அழலாமோ அவ்வளவுதான் அன்றைக்கு அம்மாவால் அழ முடிந்தது.

உங்கள் வீடுகளிலும் அப்படித்தான் நடந்திருக்கும். செவ்வாய்க்கிழமை மத்தியானங்களில் அந்த அறைக்கு வந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நினைவு ஆராதனையில் வாசிப்பதற்கு வேறொன்று எழுதி, அப்பா திருத்தியும் கொடுத்துவிட்டார். இது நமக்குள். உங்களில் பலருக்குத் தமிழ் எழுத்து ஓடாது என்பதால் நானே வாசித்துக் காட்டுவேன். மேபல் அக்காவின் பெயரைத் தவிர வேறு யார் பெயரையும் எழுதவில்லை.

புதிதாக வந்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். லேபர் கேம்ப் பின்சந்தில் மேபல் அக்காவின் அண்ணன் ஸ்கூல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். அக்காவும் அங்கே ஒரு மெஷினில் உட்கார்ந்து தைத்தாள். இரவில் அதே அறையில் கலர் டிவியும் வீடியோவும் வைத்து அண்ணன் ஆண்களுக்குப் படம் போட்டார். செவ்வாய்க்கிழமை பட்டறைக்கு விடுமுறை. அன்று மத்தியானம் அண்ணன் வெளியே போனதும் அக்கா நமக்குப் படம் போட்டாள். வாசலில் செருப்புகள் கிடந்தன, உள்ளே தையல் மெஷின்கள் இருந்தன. யாரும் சொல்லாமலே அதற்குத் தையல் கிளாஸ் என்று பெயர் வந்தது.

எனக்குப் பள்ளி காலை ஷிப்ட் என்பதால் அம்மாவோடு போக முடிந்தது. பயம் எப்போதும் இருந்தது. பெரியப்பா மகள் தோழியோடு தியேட்டருக்குப் போனது தெரிந்தபோது, அப்பாதான் முன்னின்று அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி ஊருக்கு அனுப்பினார். இப்போது அவள் கையில் குழந்தை. நான் பத்தாவதுக்குப் போக வேண்டும்.

இங்கிலீஷ் உளவாளிப் படங்களையே ஏன் எடுக்கிறாள் என்று ஒருமுறை கேட்டேன். ஏதோ பெரிய காரணம் இருக்கும் என்று நினைத்தேன். "பாட்டு கெடையாது பிள்ள. சட்டுனு முடிஞ்சிரும். மத்தியான ஷிப்ட் பிள்ளைய வாரதுக்குள்ள எல்லாரும் வீட்டுக்குப் போயிரலாம்" என்றாள். பிறகு யோசித்து, "எல்லாம் ஒரே படந்தான, கேசட்டு மட்டும் வேற வேற. ஒரு துரை வருவான். ஒரு மொதலாளி தீவு வச்சிருப்பான். ரெண்டு பொண்ணுவ வருவாளுவ, ஒருத்தி சாவா. என்ன வருமுன்னு தெரிஞ்சா பயமில்லாமப் பாக்கலாம். பயமில்லாமப் பாத்தாத்தான் மத்ததெல்லாம் கண்ணுல படும்" என்றாள்.

மேபல் அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது. டிவிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வாய் அசைவதைப் பார்த்துத் தமிழில் கதை சொன்னாள். முதல் நாள் துரை ஓட்டலில் சாவி கேட்டான். அக்கா, "ஏட்டி, நீ யாரு வீட்டுப் பிள்ளன்னு கேக்கான்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் இங்கிலீஷ் மீடியம் என்ற தைரியத்தில், அவன் அப்படிச் சொல்லவில்லை என்றேன். "அவன் சொன்னது அவனுக்கே தெரியும். நாம எதுக்குச் சொல்லணும்?" என்று அக்கா கதையைத் தொடர்ந்தாள்.

அந்தப் படத்தில் ஒரு பெண் கதவைத் திறப்பாள், துரைக்கு மதுவை ஊற்றிக் கொடுப்பாள், அடுத்த காட்சியில் விஷம் வைத்துக் கொல்லப்பட்டுக் கிடப்பாள். அவள் பெயர் என்ன என்று அக்கா என்னைக் கேட்டாள். படத்தில் அவளுக்குப் பெயரே சொல்லவில்லை என்றேன். அக்கா படத்தை நிறுத்தினாள். நடுங்கும் கோடுகளுக்கு நடுவே அந்தப் பெண் கட்டிலில் கிடந்தாள். "பேரு வைக்காமக் கொன்னாம்னா அது அவனுக்குச் சவுரியம். நமக்கென்ன? புஷ்பம்னு வையி" என்றாள். அதிலிருந்து எந்தப் படத்திலும் சீக்கிரம் சாகப்போகிறவள் திரையில் வந்தவுடன், உங்களில் யாராவது ஒருவர் முந்திக்கொண்டு பெயர் வைத்துவிடுவீர்கள். சாகப்போகிறவள் யார் என்று நமக்கு ஒருமுறைகூடத் தவறியதில்லை. அவள்தான் துரையைப் பார்த்து முதலில் சிரிப்பாள்.

பணத்தைப் பற்றிப் பேசியதும் அந்த அறையில்தான். துரை ஓட்டிவந்த கார் மலைப்பாதையிலிருந்து உருண்டு கடலில் விழுந்தது. அவன் மேலே நின்று சட்டைக் கையைச் சரிசெய்துகொண்டான். தோல் கிடங்குப் பக்கத்திலிருந்து வருகிற முஸ்லிம் அக்கா, நம் லாத்தா, "ஏன் மேபலு, இது ஆரு காரு?" என்றார்.

"சர்க்காரு காருதான் லாத்தா."

"திரும்பக் குடுக்காண்டாமா?"

"கேட்டா வேற காரு குடுப்பாங்க."

லாத்தாவால் அதை ஏற்க முடியவில்லை. தன் தம்பி ஓட்டுகிற டாக்சியில் ஒரு கீறல் விழுந்ததற்கு முதலாளி எத்தனை நாள் வண்டியைப் பிடுங்கி வைத்திருந்தார் என்று சொன்னார். இன்னொருவர், இந்தத் துரை சம்பளம் வாங்குவதை இதுவரை ஒரு படத்திலும் பார்த்ததில்லையே என்றார். அது உண்மை. எத்தனையோ படங்களில் அவன் சட்டைப் பையில் கைவிட்டுச் சில்லறை எண்ணியதே இல்லை. அப்போது மேபல் அக்கா சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "நெறைய வச்சிருக்கவன நாம பணக்காரன்னு நெனைக்கோம். இல்ல லாத்தா. ஒடைச்சுப்போட்டுத் திரும்பிப் பாக்காமப் போறாம் பாருங்க, அவந்தான் பணக்காரன்."

தீவு முதலாளியின் தொழிற்சாலையைத் துரை வெடிவைத்துத் தகர்ப்பது எல்லாப் படத்திலும் வரும். இரவுக் காட்சியில் ஆண்கள் அதற்கு விசிலடிப்பார்கள் என்று கேள்வி. நம் அறையில் அதை முதலில் பார்த்த அன்று யாரும் சத்தம் போடவில்லை. வீட்டுக்காரர் வேலை பார்த்த மில் மூடிக்கிடந்த ஓர் அக்கா, தீயில் ஓடுகிற மஞ்சள் சட்டைக்காரர்களைக் காட்டி, "இவங்க என்ன செஞ்சாங்க? வேலைக்கு வந்தவங்கதான?" என்று கேட்டார். அப்போது படத்தில் அபாயச் சங்கு ஊதியது. மேபல் அக்கா உடனே, "சங்கு ஊதிட்டான் பாருங்க. ஷிப்ட் விட்டாச்சு. பின்னால ஒரு கேட் இருக்கு, எல்லாரும் வீட்டுக்குப் போறாங்க" என்றாள். அந்த அக்கா என் பக்கம் திரும்பி, "மெய்யாவா பிள்ள?" என்றார். ஒலிபெருக்கியில் வந்த இங்கிலீஷ் எனக்குப் புரிந்திருந்தது. ஆமாம், ஷிப்ட் முடிந்தது என்றுதான் சொல்கிறார்கள் என்றேன். நம் செவ்வாய்க்கிழமைப் படங்களில் எந்தத் தொழிலாளியும் அதற்குப் பிறகு சாகவில்லை.

கேசட் மாறிய கதையைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் என்னை விடமாட்டீர்கள். அந்தப் படம் இரண்டு கேசட்டாக வந்தது. கடைக்காரர் எண்களை மாற்றி ஒட்டிவிட்டார். முதலில் ஓடியது பின்பாதி. எடுத்த எடுப்பில் ஒரு பெண் படுக்கையில் செத்துக் கிடந்தாள். நாம் அவளுக்கு ரோஸ் என்று பெயர் வைத்தோம். துரை பழிவாங்கப் புறப்பட்டு, தீவு தகர்ந்து, வேறொருத்தியோடு படகில் போய்ப் படம் முடிந்தது. அடுத்த கேசட்டைப் போட்டால் ரோஸ் உயிரோடு கடற்கரையில் நடந்துவந்தாள். அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. கேசட் மாறிவிட்டது என்று எழுந்து சொன்னேன்.

"நீ சும்மா இரு, நல்லாத்தான இருக்கு" என்று அம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

அந்தக் கேசட்டின் கடைசியில் ரோஸ் நடனமாடி, துரையைச் சூதாட்டத்தில் தோற்கடித்து, வாய்விட்டுச் சிரித்தாள். அத்தோடு நாடா தீர்ந்தது. நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். மேபல் அக்கா கேசட்டை வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்: "நடுவுல செத்தா, அடுத்தவ எப்ப வருவான்னு பாத்துட்டு இருப்போம். மொதல்லயே செத்துக் கெடந்தா, இவ யாரு, எதுக்குச் செத்தான்னு கேக்கோம். அதே படந்தான். எங்க தொடங்குதோமோ அதுல இருக்கு." அன்றிலிருந்து இரண்டு கேசட் படம் எது வந்தாலும் திருப்பித்தான் போட வேண்டும் என்று நீங்கள் சொல்லிவிட்டீர்கள். நேராகப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு இன்றுவரை சில படங்களில் தெரியாது.

இனி நடந்ததைச் சொல்ல வேண்டும். அப்பா சபைச் செயலாளர் என்பது உங்களுக்குத் தெரியும். நினைவு ஆராதனையில் மேபலைச் சிறப்பிக்க வேண்டும் என்று அவர் மனதாரத்தான் ஏற்பாடு செய்தார். ஏழைப் பெண்களுக்குக் கூலி வாங்காமல் தையல் கற்றுக்கொடுத்தவள் என்று குருவானவர் பேசுவார். அவளிடம் படித்தவர்கள் ஆளுக்கொரு துணி தைத்துக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் மேசையில் வைக்க வேண்டும். இதை அவர் சபையில் அறிவித்தபோது நான் அம்மாவைப் பார்க்கவில்லை. உங்களில் யாருமே யாரையும் பார்க்கவில்லை.

மறுநாள் குழாயடியில் பேச்சு இதுதான். ஒருவர், கிங்ஸ் சர்க்கிளில் தலையணை உறை வாங்கி, ஒட்டியிருக்கிற சீட்டைப் பிய்த்துவிட்டு வைத்துவிடலாம் என்றார். இன்னொருவர், தம் வீட்டுக்காரர் டெய்லர்தானே, ஆளுக்கொரு கைக்குட்டை அடித்துத் தரச் சொல்கிறேன் என்றார். அவர் ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்து அவரே நிறுத்திக்கொண்டார். அம்மா குடத்தை இடுப்பில் வைத்தபடி, "மேபல் சொன்னது மறந்துபோச்சா?" என்றாள். மேபல் அக்கா முன்பு ஒரு படத்தின்போது சொன்னது இது: "பொய்ப் பேரு சொன்னதுல ஒரு உளவாளியும் மாட்டல மைனி. அந்தப் பேருக்கு ஒரு ஊரு, ஒரு வேல, ஒரு பொண்டாட்டின்னு சேத்துக்கிட்டே போவாம் பாருங்க, அங்கதான் பிடிபடுவான்."

தலையணை உறைப் பேச்சையும் கைக்குட்டைப் பேச்சையும் விட்டுவிட்டு அவரவர் குடத்தைத் தூக்கினார்கள். அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இன்று இரவு சாப்பிடும்போது அப்பா அம்மாவிடம், நீ என்ன தைத்து வைத்திருக்கிறாய், எடுத்துக் காட்டு என்றார். அம்மா அவர் தட்டில் ரசம் ஊற்றினாள். கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"எனக்குப் பித்தான் கட்டத்தான் தெரியும். மேபல் எங்களுக்குத் தையல் சொல்லித்தரல. படம் போட்டா. நான் போய்ப் பாத்தேன்."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "பிள்ளையுமா?"

"பிள்ளையுந்தான். நாந்தான் கூட்டிட்டுப் போனேன். மத்தவங்களப் பத்தி எங்கிட்ட கேக்காதீங்க. சொல்ல மாட்டேன்."

அப்பா சோற்றில் பாதியை மிச்சம் வைத்துக் கைகழுவினார். பாயை விரித்துப் படுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அந்த மேசை இருக்குமா, நான் எழுதியதை வாசிக்கச் சொல்வார்களா, ஜூன் மாதம் நான் பள்ளியில் இருப்பேனா, ஊரில் இருப்பேனா என்று எதுவும் தெரியவில்லை. பரணில் தெருவிளக்கு வெளிச்சம் விழுகிற இடத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

மேபல் அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு கேள்வி. எல்லா உளவாளிப் படமும் படகில்தான் முடியும். துரையும் கடைசிப் பெண்ணும் கட்டிக்கொள்வார்கள், இசை வரும், பெயர்கள் ஓடும். அக்கா நம்மை எழுந்திருக்க விடமாட்டாள். "சரி, நாளைக்குக் காலைல இவ என்ன செய்வா?" என்று ஒவ்வொருவராகக் கேட்பாள். எழுப்பாமலே அவன் போயிருப்பான் என்பார் ஒருவர். அந்தப் படகில் அடுப்பு எங்கே இருக்கிறது என்று தேடுவாள் என்பார் இன்னொருவர். லாத்தா, அவன் உம்மா வீட்டு விலாசம் கேட்டு வாங்குவாள் என்றார். அம்மா மட்டும் ஒருநாளும் பதில் சொன்னதில்லை. சேலையை உதறிக்கொண்டு எழுந்துவிடுவாள்.

படமாக இருந்தால், அம்மா கரண்டியை வைத்துவிட்டுப் பேசிய இடத்தில் இசை வந்து முடிந்திருக்கும். அப்பா என்ன செய்கிறார் என்பதைக் காட்டவே தேவையில்லை. இங்கே விடியப்போகிறது. அப்பா ஷிப்டுக்குப் போக வேண்டும், அதற்கு முன் எழுந்து உட்கார்ந்து ஏதாவது ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கீழே அவர் புரண்டு புரண்டு படுப்பது கேட்கிறது. அம்மா அசையாமல் தூங்குகிறாள்.