கருவேல மரத்தில் ஒரு சேலை

பரளச்சிக்குத் தெற்கே ஒரு கண்மாய்க்கரை ஊரில் கருத்தப்பாண்டி என்று ஒருவன் இருந்தான். வீடு தீப்பிடித்து எரிகிறது என்று அவன் கத்தினாலும் ஊர் சிரிக்கும், தண்ணீர் எடுக்காது. பந்தியில் உட்கார்ந்த மாப்பிள்ளையின் செருப்பைப் பனைமரத்தில் ஏற்றிச் சம்பாதித்த கோமாளிப் பெயர் அது.

கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் வருசா வருசம் மஞ்சள்மூக்கு நாரைகள் கூடு கட்டும். இடுப்பு உயரப் பறவை. பேறுகாலத்துக்கு வந்த பிள்ளைகள் என்று ஊர் சொல்லும். குஞ்சு பறக்கும்வரை மரம் வெட்டக் கூடாது, வேட்டுப் போடக் கூடாது, நாரையைக் கொல்லக் கூடாது. ஊர்க்கட்டுப்பாடு.

எழுபத்தொன்றாம் வருசம் பாளையம்பட்டிக் கடைக்காரர் காசிராஜன் பாண்டியைக் கூப்பிட்டார். நாரையின் வால் பக்கம் ரோஸ் நிறத்தில் இருக்கும் மெல்லிய இறகை மதராஸில் வாங்குகிறார்களாம். கப்பலேறிப் போய் வெள்ளைக்காரிகளின் தொப்பியில் உட்காருமாம்.

"கீழ கெடக்குறது வேணாம்டா, எச்சம் பட்டிருக்கும். உசுரோட பிடுங்குனாத்தான் மினுங்கும்."

"கொல்லக் கூடாதுண்ணே."

"ஒன்னைய யாரு கொல்லச் சொன்னா? முடி வெட்டுனா நீ செத்தா போற?"

பாண்டிக்கு அது நியாயமாகப் பட்டது. படவேண்டிய கட்டாயமும் இருந்தது. மனைவி முத்துமாரியம்மாளுக்கு வீட்டில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. வயிற்றிலிருப்பதை மதுரை ஆஸ்பத்திரியில் பெறவைக்க ஆசைப்பட்டான். பிடுங்கக் கூடாது என்று கட்டுப்பாட்டில் யாரும் சொல்லவில்லையே.

பங்குனியில், குஞ்சு பொரித்த கூடுகளில் கண்ணி வைத்தான். சிக்கிய நாரையின் அலகைத் துண்டால் கட்டி, இறகைப் பிடுங்கி, "போயிட்டு வா தாயி" என்று பறக்கவிட்டான். நாரைக்குக் கத்தத் தெரியாது. அது அவனுக்கு வசதியாகப் போயிற்று.

போனவை திரும்பவில்லை. கூட்டுக்கு ஒன்றாக மிஞ்சிய நாரைகள் இரை தேடப் போய்விட்டன. உச்சிவெயிலில் நாரை கூட்டில் நின்று சிறகை விரிப்பதைப் பாண்டி எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான். சோம்பல் முறிக்கிறது என்று நினைத்திருந்தான்.

"ஏங்க, குஞ்செல்லாம் கூட்டுலயே வெந்து கெடக்குங்க" என்று முத்துமாரி ஓடிவந்தாள்.

கொடியில் காய்ந்த அவள் சேலையை உருவிக்கொண்டு ஓடினான். உயிரோடு இரண்டு குஞ்சுகள் இருந்த ஒரே கூட்டுக்கு ஏறி, முள்ளுக்குள் நின்று சேலையை விரித்துப் பிடித்தான். கரையில் கூட்டம் கூடியது.

"ஏலே பாண்டி, நாரைக்கு வளகாப்பாடா?" என்றான் கூட்டத்தில் நின்ற பால்சாமி.

"கூத்தப் பாரு! எறங்கி வா, சேலையத் தேடுறா ஒம் பொண்டாட்டி!"

சிரித்துச் சிரித்துக் கலைந்தார்கள். வெயில் சாய்வதற்குள் ஒரு குஞ்சு தலை தொங்கிற்று. இன்னொன்று அவன் கால்மேல் அலகை வைத்துக் கிடந்தது. அப்புறம் அதுவும் அசையவில்லை.

வீட்டில் முத்துமாரி அவன் கையிலிருந்து முள் எடுத்துக்கொண்டிருந்தபோது, அவன் வேட்டி மடியிலிருந்து ஒரு ரோஸ் இறகு விழுந்தது. அதை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"இந்தக் காசுல ஆசுபத்திரிக்கு நான் வரல" என்றாள். மறுபடி குனிந்து அடுத்த முள்ளை எடுத்தாள்.

பிள்ளை வீட்டில்தான் பிறந்தது. பெண். தங்கிவிட்டது. நாரைகள்தான் மறுவருசம் வரவில்லை, அதற்கடுத்தும் வரவில்லை. மழை பொய்த்ததால் என்றது ஊர்.

மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும் பாண்டி ஒரு கறுப்புக்குடை வாங்கினான். தான் வெயிலில் நடந்து, அதை அவள் தலைக்குமேலே பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம்வரை போவான்.

"மகாராணி வாராகடோய்!" என்று பால்சாமி டீக்கடையிலிருந்து கத்துவான். கடையே சிரிக்கும். பாண்டி குடையைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்துக்கொள்வான்.